வண்டியின் முதுகு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கிளட்ச் மிதிப்பதைக் குறைக்கச் சொன்னார்களே, குறைத்தீர்களா?

வீட்டுக்கு எழுதாமல் நீங்கள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேப் முகவரிக்கு எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் மூன்று முறை வீட்டுக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் அண்ணன்தான் எடுத்தார். "அண்ணே" என்றதும் வைத்துவிட்டார். மூன்றாவது முறை நான் வாயே திறக்கவில்லை. மூச்சுச் சத்தத்திலேயே கண்டுபிடித்து வைத்துவிட்டார்.

அந்த மைலேஜ் போட்டி முடிந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில், எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், யார் அதிக தூரம் போகிறார்கள் என்பதுதானே போட்டி. படம் வரைந்தது நான். வெறும் தகட்டை அடித்து அந்தச் சின்னக் காருக்கு உடம்பு செய்தது அண்ணன். இருபத்து நான்கு கிலோமீட்டர் ஓடி, வெறும் அறுநூறு மீட்டரில் தோற்றோம். அந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னால், "தகடு வேலை சரியில்ல, அதான் தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு இருபது வேன்களின் பாடி வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்த வேன் முதலாளியும் அங்கே நின்றுகொண்டிருந்தார். சொல்லியிருக்கக் கூடாத இடம்தான். அதற்காக இன்னும் எத்தனை வருடம் அண்ணி?

சரி, இப்போது உங்களிடம் ஓர் உதவி. எங்கள் கம்பெனியில் ஒரு சின்னக் காருக்கு உருவம் வரையும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். களிமண்ணில் மாதிரி செய்து, காற்றுக்கூடத்தில் நிறுத்தி, ராட்சச மின்விசிறியால் காற்றை அடித்துப் பார்ப்போம். காற்று வண்டியை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. எண் குறைந்தால் பெட்ரோல் மிச்சம். என் மாதிரிக்கு 0.33 வருகிறது. ஜூன் மாதத்துக்குள் 0.31க்குக் கீழே வராவிட்டால் வண்டி பக்கத்து மேஜைக்காரருக்கு, நான் கதவுக் கைப்பிடிப் பிரிவுக்கு.

மூக்கைச் சீவிச் சீவிப் பார்த்துவிட்டேன். எண் அசைய மாட்டேன் என்கிறது. பின்பக்கத்தில்தான் வில்லங்கம் என்று ஒரு சந்தேகம். காற்றுக்கூடம் எங்கள் குழுவுக்கு மூன்று வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். உங்கள் காருக்கும் என் மாதிரிக்கும் பின்பக்கம் ஒரே ஜாடை, உருண்டை. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப் போட்டு, கூரையிலும் பின் கண்ணாடியிலும் ஒட்டுங்கள். நெடுஞ்சாலையில் எண்பதில் போங்கள். பின்னால் யாராவது வந்து பார்க்க வேண்டும். நூல் படுத்திருந்தால் காற்று உடம்பை ஒட்டிப் போகிறது. எழுந்து சுற்றினால் காற்று பிய்த்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

செய்வீர்களா?

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


ஜனவரி 30

தம்பிக்கு,

சுகம். முட்டிவலியும் என்னோடு சுகமாகத்தான் இருக்கிறது. தினமும் நூற்றறுபது கிலோமீட்டர் ரத்தக் குப்பிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவள் கிளட்சை எப்படி மிதிக்காமல் இருப்பது? இதைச் சொன்ன டாக்டரை ஒரு நாள் என் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மூன்று வருடம் கழித்துக் கொழுந்தனிடமிருந்து கடிதம் வருகிறதே, கல்யாணச் செய்தியோ என்று ஆசையாகப் பிரித்தேன். பார்த்தால் கம்பளி நூல்! இருந்தாலும் செய்தேன். என் பழைய மஞ்சள் ஸ்வெட்டரைப் பிரித்து அறுபத்தெட்டு நூல் ஒட்டினேன். லேப்பில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "வண்டிக்கு என்ன வேண்டுதலா?" என்று கணக்கு எழுதும் அம்மா கேட்டார். ஆமாம், என் கொழுந்தனுக்குப் புத்தி வரணும்னு வேண்டுதல் என்றேன்.

பின்னால் ஒருவர் பைக்கில் வந்து பார்த்தார். யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கூரை மேல இருக்கிற நூலெல்லாம் சமத்தா படுத்துக்கிட்டு வருது. பின்னால வளையற இடம் வந்ததும் குழம்பிப்போகுது. ஒண்ணு கீழ போகுது, ஒண்ணு பக்கத்துல போகுது, நடுவுல நாலு நூல் முன்னாடி பார்த்து நிக்குது. வண்டி முன்ன போகுது, நூலும் முன்ன பார்க்குது, இது என்ன கூத்து?" எந்த நூல் எப்படி நின்றது என்று சிகரெட் அட்டையில் படமும் போட்டுக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் அண்ணன் நலம். ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. பட்டறை ஓடுகிறது. ஆனால் ஒடுக்கு எடுப்பதோடு சரி. கதவில் ஒடுக்கு, பானெட்டில் ஒடுக்கு, டிக்கியில் ஒடுக்கு. போட்டிக்குப் பிறகு ஒரு முழுத் தகட்டைத் தொடவில்லை. வேன் வேலைதான் போயிற்று, அதற்கப்புறம் தேடி வந்த மூன்று பேரையும் இவரே திருப்பி அனுப்பிவிட்டார். "புது பாடி கட்டற வேலையெல்லாம் நான் விட்டாச்சு" என்கிறார். நாற்பத்தைந்து வயதில் விட்டாச்சாம். எனக்கு இதுதான் மனசை அறுக்கிறது. வண்டி கட்டும்போது சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிற மனுஷன் அவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, படித்து, குதித்து, உடனே எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

பின்னால் வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கோடி நன்றி. எங்கள் குழுவில் இரண்டு வருடம் இருப்பவர்கூட இவ்வளவு துல்லியமாகப் பார்த்துச் சொல்ல மாட்டார். நூல் முன்னால் பார்த்து நிற்பது கூத்து இல்லை அண்ணி, அங்கேதான் பெட்ரோல் வீணாகிறது.

எல்லோரும் வண்டியின் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். ஊசிமாதிரி இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைப்பு. மூக்கு ஓரளவு உருண்டையாக இருந்தாலே போதும், காற்று வழிவிட்டுவிடும். விலகிப்போன காற்று பின்னால் மறுபடி சேர வேண்டுமே, அதில்தான் தகராறு. நீளமான வண்டிக்கு முதுகை மெல்ல மெல்லச் சரித்துக் காற்றைச் சேர்த்துவிடலாம். சின்னக் காருக்கு அந்த நீளம் ஏது? சட்டென்று முடிந்துவிடுகிறது. அதை உருட்டிவிட்டால் காற்று அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறது, முடியாமல் பாதியில் பிய்கிறது. வாசலில் செருப்பையும் மாட்டிக்கொண்டு, கிளம்பவும் கிளம்பாமல் பேசிக்கொண்டே நிற்கிற விருந்தாளி மாதிரி. பின்னால் அழுத்தம் குறைந்து, வண்டியையே பின்னுக்கு இழுக்கிறது.

அதனால் இப்போது உருட்டாமல் வெட்டிப் பார்க்கப் போகிறேன். கூரை முடியும் இடத்தில் கூர்மையாக ஒரு விளிம்பு. காற்று அங்கே வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். வழவழப்பாக இருப்பதுதான் நல்லது என்று நானே நேற்றுவரை நம்பியவன்தான்.

உங்கள் வண்டியிலும் செய்து பார்ப்போமா? கூரையின் கடைசியில், வளைவு தொடங்கும் இடத்தில், நான்கு விரல் அகலப் பட்டை ஒன்றை நேராக நீட்டி ஒட்டுங்கள். பக்கவாட்டிலும். மறுபடி நூல். ஒரு மாதம் பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்றும் பாருங்கள்.

அண்ணன் என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறாரா? கேட்காவிட்டாலும் கேட்டார் என்றே எழுதுங்கள்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 12

தம்பிக்கு,

நலம். அங்கே குளிர் விட்டதா? கடைசியில் விசாரிக்கிறேன் என்று சொல்லித் தைலத்தோடு முடித்துவிட்டீர்கள். பரவாயில்லை.

பழைய சூட்கேஸ் மூடியை அறுத்துப் பட்டை செய்தோம். நான் டேப் போடலாம் என்றேன். பின்னால் வந்தவர் விடவில்லை. "டேப்பு எல்லாம் விளையாட்டுச் சாமான், ரிவெட் அடிக்கணும்" என்றார். நூல் பிடித்து நேர் பார்த்து, இரண்டு விரலுக்கு ஒரு ரிவெட் அடித்தார். என் ஓட்டை வண்டியில் இப்போது அந்த ஒரு பகுதிதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

நீங்கள் சொன்னது நடந்தது. நூல்களெல்லாம் பட்டை வரைக்கும் படுத்தபடி வந்து, அங்கே சட்டென்று விடுகின்றன. கண்ணாடியில் இருக்கிற நூல்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டு லேசாக ஆடிக்கொண்டு தொங்குகின்றன. பெட்ரோலையும் பார்த்தேன். லிட்டருக்குப் பதினேழு கொடுத்த வண்டி பதினேழரை கொடுக்கிறது. சூட்கேஸ் மூடிக்கு அரை கிலோமீட்டரா என்று லேப்பில் வாய் பிளந்தார்கள்.

உங்கள் அண்ணன் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. பொய் எழுத எனக்கு வராது. ஆனால் நீங்கள் வரைந்த படங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் நான் போடப் போனபோது, "அது இருக்கட்டும்" என்றார்.

ஒரு கேள்வி. எனக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது, தப்பாக இருந்தால் சிரியுங்கள். போட்டி வண்டியின் பின்பக்கமும் என் வண்டி மாதிரி உருண்டைதானே? போட்டோவில் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. அப்படியென்றால் அன்றைக்குத் தோற்றதற்குத் தகடு வேலை காரணமா, அந்த உருண்டை காரணமா?

பதில் போடுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நான் நலம். நீங்கள்தான் நலமா என்று தெரியவில்லை. போன முறை ஒன்பதாம் நாளே பதில் எழுதினீர்கள். இப்போது ஐந்து வாரம். கை சுளுக்கா? பேனாவைக் களிமண்ணில் வைத்துப் பூசிவிட்டீர்களா? உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வரியாவது போடுங்கள். தபால்காரர் என் முகத்தைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமே விழைகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை நெருக்கடி. இடையில் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலாம்.

சந்தோஷமான செய்தி. மாதிரியின் கூரை முனையில் களிமண்ணைக் கத்தியால் வெட்டி விளிம்பு வைத்தோம். முதல் ஓட்டத்திலேயே 0.312. பக்கத்து மேஜைக்காரர் கருவி கெட்டுவிட்டது என்று சொல்லி மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் 0.312. இன்னும் கொஞ்சம்தான். பின்பக்கக் கதவின் ஓரங்களையும் கூர்மையாக்கினால் இறங்கும் என்று நினைக்கிறேன். கூரையை எவ்வளவு சரிக்கலாம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சமாகச் சரித்தால் லாபம், அதிகமாகச் சரித்தால் முன்பு இருந்ததைவிட மோசம். எட்டு டிகிரியில் ஒன்று, பத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று மூன்று மாதிரி செய்கிறோம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. களிமண் இளகாமல் இருக்க அறையைக் குளிரவைக்கிறார்கள். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம்.

அண்ணனின் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்


மே 6

தம்பிக்கு,

சுகம். உங்கள் 0.312க்கு வாழ்த்து. எட்டு டிகிரிக்கும் பத்து டிகிரிக்கும் பன்னிரண்டு டிகிரிக்கும் வாழ்த்து. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. களிமண்ணுக்கு ஸ்வெட்டர் போட்ட கதைவரைக்கும் எழுதினீர்கள், அதற்கு மட்டும் பதில் இல்லை.

நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன், இப்போது எழுதிவிடுகிறேன். பைக்கில் பின்னால் வந்தது உங்கள் அண்ணன். நீங்கள் எப்போதோ ஊகித்திருப்பீர்கள். நூல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடித உறையை என் பையில் பார்த்துவிட்டு, "ஒட்டறது ஒட்டற, வரிசையா ஒட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்பை வாங்கிக்கொண்டார்.

பட்டை அடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோமே, அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். பாதி வழியில் கண்ணாடியில் பார்க்கிறேன், பைக்கைக் காணோம். பதறிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், சாலையோரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு மைல்கல் மேல் உட்கார்ந்திருக்கிறார். "என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். என் வண்டியின் பட்டையைப் பார்த்தபடி, "அந்த வண்டியிலயும் இப்படித்தான் விளிம்பு இருந்துச்சு" என்றார். அதோடு எழுந்து பைக்கைக் கிளப்பிவிட்டார்.

போட்டோவில் விளிம்பு இல்லை. அவர் இருந்தது என்கிறார். அந்த விளிம்பு எங்கே போயிற்று தம்பி? எனக்குப் பதில் வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய இடம் உங்களுக்குத் தெரியும். பட்டறை முகவரியும் தெரியும். நீங்கள் கதவுக் கைப்பிடிப் பிரிவுக்குப் போனால் அங்கிருந்து திரும்பி வந்துவிடுவீர்கள். இந்த மனுஷன் ஒடுக்கு எடுத்தே கிழவனாகிவிடுவார் போலிருக்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. காய்ச்சல் போய்விட்டதா?

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுத வேண்டும், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். போனை வைப்பதுபோல் இதை வைத்துவிடாதீர்கள்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் நீங்கள் சாப்பிடப் போனீர்கள். வண்டியின் பின்பக்கத்தில், கூரை முடிகிற இடத்தில், விளிம்பு கத்திபோல நின்றது. என் படத்தில் அங்கே உள்ளே உருண்டு போக வேண்டும். அண்ணன் படத்தை மதிக்கவில்லை, தன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார் என்று எனக்கு எரிச்சல். அரத்தை எடுத்து விளிம்பை ராவினேன். பட்டி பூசி உருட்டினேன். தேய்த்துப் பெயின்டும் அடித்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் திரும்பி வந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தோற்றதும் தகடு வேலையின் மேல் பழியைப் போட்டேன். அந்தத் தகட்டில் கடைசியாகக் கை வைத்தவன் நான் என்பது அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மார்ச் மாதம் அண்ணியின் கடிதம் வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு தடவை போட்டேன், ஏதாவது தப்பு இருக்காதா என்று. நீங்கள் விட்ட விளிம்பு அப்படியே இருந்திருந்தால் வண்டி இன்னும் எழுநூறு மீட்டர் ஓடியிருக்கும். அறுநூறில் தோற்றோம். நாம் ஜெயித்திருக்க வேண்டிய வண்டியை நான் அரத்தால் தோற்கடித்துவிட்டு, உங்களைச் சொன்னேன். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வாரம் ஆயிற்று. எண்ணைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவனுக்கு இதை எழுதக் கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணே.

நேற்று மாதிரிக்கு 0.305 வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வண்டி என்னிடமே இருக்கும். விளிம்பு வைக்கும் யோசனை எப்படி வந்தது என்று மேலதிகாரி கேட்டார். என் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்பே செய்தது, நான்தான் அழித்தேன் என்றேன். வேன் முதலாளிக்கும், போட்டி நடத்திய சங்கத்துக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்கிற கடைசி வேலை இதுவாக இருக்கட்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. நீங்கள் மறுபடி தகடு வெட்ட வேண்டும். அது மட்டும் போதும்.

உங்கள் தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

சுகம். இன்றைக்கு முட்டி வலிக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் பட்டறையில், கதவு கழற்றிய ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, லெட்டர்" என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்தச் சட்டை மாற்றினாலும் முதலில் அதை எடுத்து மாற்றுச் சட்டையின் பைக்கு மாற்றுகிறார். எனக்குக் காட்டவில்லை. அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன், தப்பென்றால் தப்புதான். படித்துவிட்டு அழுதேன். அப்புறம் உங்களை நன்றாகத் திட்டினேன். அப்புறம் மறுபடி அழுதேன்.

போன வாரம் வேன் முதலாளி பட்டறைக்கே வந்தார். கையில் உங்கள் கடிதம். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்றால், "சும்மா, வெயிலைப் பத்தி" என்கிறார். வெயிலைப் பற்றி ஒரு மணி நேரம்!

உங்களுக்குப் பதில் எழுத நாலு நாளாக உட்காருகிறார். நாலு தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. கசக்கிய தாளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். "அன்புள்ள" என்பதோடு நிற்கிறது. அவசரப்படாதீர்கள். போன் செய்யவும் வேண்டாம், மனுஷன் பயந்துவிடுவார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். 0.305க்கு இப்போது மனசார வாழ்த்துகிறேன்.

அண்ணி


ஜூன் 21

தம்பிக்கு,

நலம். நீ நலமா? உன் அண்ணி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜன்னலில் நிற்கிறாள், அது வேறு விஷயம்.

உன் கடிதம் வந்தது. நீ எழுதியதில் பாதி சரி. பாதி தப்பு. தப்பை முதலில் சொல்கிறேன்.

நான் காற்றை யோசித்து விளிம்பு விட்டதாக உன் மேலதிகாரியிடம் சொன்னாயாம். வேன் முதலாளியும் அப்படித்தான் வந்து புகழ்ந்தார். எனக்குக் காற்றைப் பற்றி என்னடா தெரியும்? தகடு பத்தவில்லை. அவ்வளவுதான். கூரைத் தகட்டை அளந்தது நான், வெட்டியது நான். ஒரு அங்குலம் குறைந்துவிட்டது. இருபது வருடம் தகடு வெட்டியவன் ஒரு அங்குலம் தப்பாக அளந்தேன். நீ உள்ளே உருட்டச் சொல்லியிருந்தாய், உருட்டத் தகடு இல்லை. புதுத் தகடு வாங்கி மறுபடி அடிக்க நாளும் இல்லை. அதனால் நேராக விட்டுவிட்டு, இதுவும் ஒரு அழகுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் நீ பட்டி போட்டு மூடியிருக்கிறாய். ஏன் தொட்டாய் என்று நான் கேட்டால், ஏன் இப்படி விட்டீங்க என்று நீ கேட்பாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் தகடு வேலை சரியில்லை என்று நீ சொன்னபோது, ஐயோ, குறைத்து வெட்டியதைக் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். மூன்று வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் போனை வைத்தது கோபத்தில் இல்லை. பேசினால் அந்த ஒரு அங்குலத்தைப் பற்றிக் கேட்டுவிடுவாயோ என்றுதான் வைத்தேன். உன் அண்ணியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அளக்கிற டேப்பைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டேன். ஒடுக்கு எடுக்க அளவு வேண்டாம். அதனால்தான் ஒடுக்கோடு நின்றுவிட்டேன். நீ என் வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. பாதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

வேன் முதலாளி ஒரு வேன் முதலில் கட்டச் சொல்லியிருக்கிறார். பின்பக்கம் எப்படி வர வேண்டும் என்று உன்னைக் கேட்கச் சொன்னார். உருட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தப்பா?

நேற்று முழுத் தகடு வந்து இறங்கியது. நாலு முறை அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டுகிறேன். மறுமுனையைப் பிடிக்கப் பட்டறையில் ஆள் இருக்கிறது. இருந்தாலும் நீ வா.

அண்ணன்